பழைய குறைந்த செலவுக் கார்ட்டூன்கள் உண்மையில் நல்லவையா, பழக்கத்தால் பிடித்தவையா?

வாசகர் கேள்வி, 2021 ஜூன் 6

ஹன்னா-பார்பரா என்ற அமெரிக்கக் கார்ட்டூன் நிறுவனத்தின் யோகி கரடி, ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் ஆகியவற்றை அண்மையில் மீண்டும் பார்த்தேன். ஒரே மரம் திரும்பத் திரும்பக் கடந்து போகிறது. பேசும்போது வாய் மட்டும் அசைகிறது, உடல் கட்டையாக நிற்கிறது. இவை மலிவுச் சரக்கு. சிறுவயதில் பார்த்த பழக்கத்தினாலேயே பாராட்டுகிறோம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

ஜூன் 6, இரவு

பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன். மரம் திரும்ப வருவது உண்மை. ஆனால் அது ஏன் திரும்ப வந்தது, அதனால் மிச்சமான பணமும் நேரமும் எங்கே போயின என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1940 முதல் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் டாம் அண்ட் ஜெர்ரி படங்களை உருவாக்கியவர்கள். அந்த வரிசை ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அசைவு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1957-இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவையே இழுத்து மூடியது. பழைய படங்களை மறுபடி திரையிட்டாலே போதிய வருமானம் வரும்போது புதியவற்றுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. வேலை இழந்த இருவரும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே ஐந்து நிமிடப் படம் ஒன்றுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3,000 டாலர். எம்.ஜி.எம்.மில் ஒரு குறும்படத்துக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் செலவழித்துப் பழகியவர்கள் அவர்கள்.

இந்த இடைவெளியைக் கணக்காகவே பார்க்கலாம். திரையில் நொடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன. ஏழு நிமிடப் படத்துக்கு 10,080 ஃபிரேம். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திப் படம்பிடித்தாலும் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் 5,040 ஓவியங்கள் தேவை. திரையில் பூனையும் எலியும் சேர்ந்து ஓடினால் அது இரட்டிப்பாகும். ஒவ்வொன்றையும் பென்சிலில் வரைந்து, செல் எனப்படும் ஒளிபுகும் தாளில் மையால் படியெடுத்து, பின்புறம் வண்ணம் தீட்டி, கேமராவின் கீழ் வைத்தாக வேண்டும். பத்தில் ஒரு பங்குப் பணத்தில் இதைச் செய்யவே முடியாது. ஆகவே அவர்கள் முன்னால் இருந்தது எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற ஒரே கேள்விதான். 1957 டிசம்பரில் என்.பி.சி.யில் தொடங்கிய ரஃப் அண்ட் ரெட்டி அதற்கு அவர்கள் தந்த முதல் பதில். அடுத்த ஆண்டு வந்த ஹக்கிள்பெர்ரி ஹவுண்ட் நிகழ்ச்சியில் அந்தப் பதில் முதிர்ந்திருந்தது. 1960-இல் அது எம்மி என்ற தொலைக்காட்சி விருதையும் பெற்றது.

ஜூன் 7

“எதை விடலாம்” என்பதற்கு ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். யோகி கரடி உடுப்பு எதுவும் போடுவதில்லை. ஆனால் கழுத்தில் சட்டைக் காலரும் டையும் மட்டும் உண்டு. ஹக்கிள்பெர்ரி என்ற நாய்க்கு வில் டை. இது வெறும் அலங்காரம் அல்ல. உடல் ஒரு செல்லில், தலை வேறொரு செல்லில், வாய் மூன்றாவதில் என்று பிரித்து வரைந்தார்கள். உடல் செல் அப்படியே கிடக்க, தலையை மட்டும் மாற்றினால் கழுத்தில் கோடு விட்டுப்போகும். நிறம் சற்றே மாறினாலும் பொருத்து தெரிந்துவிடும். காலர் அந்தப் பொருத்தின் மீது உட்கார்ந்துகொள்கிறது.

யோகி தன் தோழன் குட்டிக் கரடி பூபூவிடம் பேசும் காட்சி ஒன்றை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். உடல் சிலையாக நிற்கும். தலை நேராக ஒன்று, சற்றுச் சாய்ந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று சில நிலைகளில் மாறும். வாய்க்கு ஏழெட்டு வடிவங்கள். நடுவில் கண் ஒரு முறை இமைக்கும். பிறகு, உணவுக் கூடை எங்கே இருக்கிறது என்று அவனுக்கு உறைக்கும் கணத்தில், இடையில் எந்த ஓவியமும் இல்லாமல் அவன் வேறொரு நிலைக்குத் தாவிவிடுவான்: புருவம் ஏறி, தோள் உயர்ந்து, கால் ஏற்கெனவே ஓடத் தயாராக இருக்கும். அந்தத் தாவலை எந்த ஃபிரேமில் வைப்பது என்பதில்தான் ஹன்னாவின் திறமை இருந்தது. எம்.ஜி.எம்.மிலும் அவரது முதன்மை வேலை கால அளவை வகுப்பதுதான். இடைப்பட்ட ஓவியங்கள் போய்விட்டன. அந்தக் காலக் கணக்கு போகவில்லை.

எட் பெனடிக்ட் வடிவமைத்த பாத்திரங்களின் தடித்த வெளிக்கோட்டையும் கவனியுங்கள். அன்றைய வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் சிறிய கறுப்பு-வெள்ளைப் பெட்டிகள். மங்கிய திரையிலும் யோகியை அவன் தொப்பியின் வடிவைக் கொண்டே அடையாளம் காண முடியும். நிற்கும் நிலையிலேயே குணம் தெரிந்துவிடுவதால் அசைவின் தேவை குறைகிறது.

ஜூன் 9

அசைவு ஒவ்வொன்றையும் முழுதாக வரையும் முழு அனிமேஷனின் பெரும் கலைஞர்களுள் ஒருவரான சக் ஜோன்ஸ் இவ்வகைப் படங்களை “படம் போட்ட வானொலி” என்று சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே கதை புரிந்துவிடும் என்பது குற்றச்சாட்டு. கார்ட்டூன் என்பது படத்தால் கதை சொல்லும் கலை என்று நம்பி வாழ்ந்த ஒருவருக்கு அது எவ்வளவு வருத்தம் தந்திருக்கும் என்பதை உணர முடிகிறது.

ஆனால் அந்த வானொலி எவ்வளவு நல்ல வானொலி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யோகியும் ஹக்கிள்பெர்ரியும் டாஸ் பட்லர் என்ற ஒரே கலைஞரின் குரல்கள். பூபூவும் பூங்காக் காவலர் ஸ்மித்தும் டான் மெசிக்கின் குரல்கள். இந்த இருவரும் ஒரு ஒலிப்பதிவு அறைக்குள் ஒரு காட்டையே உண்டாக்கினார்கள். நம் தோல்பாவைக்கூத்தில் பாவையின் கையும் தலையும் மட்டுமே அசையும். திரைக்குப் பின்னால் ஒருவரே இராமனுக்கும் இராவணனுக்கும் கோமாளி உச்சிக்குடும்பனுக்கும் குரல் மாற்றிப் பேசுவார். பாவை அசையவில்லை என்று அங்கே யாரும் குறைப்படுவதில்லை. தட்டையான உருவத்துக்கு உயிர் குரலிலிருந்து வரலாம் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

ஒலி விளைவுகளும் அப்படித்தான். ஃபிரெட் ஃபிளின்ட்ஸ்டோன் நுனிக்காலில் ஓடிவந்து பந்தை உருட்டும் காட்சியில் கால்களுக்கென்று வரைந்த ஓவியங்கள் மிகச் சிலவே. அவை சுழற்சியாக வந்துகொண்டிருக்கும். அந்த மெல்லிய டிங்-டிங் ஓசையை எடுத்துவிட்டால் காட்சியில் ஒன்றுமே மிஞ்சாது. ஓசையோடு பார்க்கும்போது அந்தப் பருத்த உடலின் நளினம் சிரிப்பை வரவழைத்துவிடுகிறது. ஓடத் தொடங்கும்முன் கால்கள் காற்றில் சுழலும்போது வரும் போங்கோ மேள ஒலியும் இந்த வகையே.

எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. வார்னர் பிரதர்ஸில் சக் ஜோன்ஸின் பல சிறந்த படங்களுக்குக் கதை எழுதிய மைக்கேல் மால்டீஸ், 1958-இல் ஹன்னா-பார்பராவுக்கு வந்துவிட்டார். வாரன் ஃபோஸ்டரும் வந்தார். குறைந்த பணத்தில் வாங்க முடிந்தவற்றுள் ஆகச் சிறந்தது நல்ல எழுத்து என்பதை அந்த நிறுவனம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது.

ஜூன் 9, சற்றுப் பின்

மேலே எழுதியதிலிருந்து எல்லாப் பெருமையும் ஹன்னா-பார்பராவுக்கே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொலைக்காட்சிக்கென்றே எடுத்த முதல் கார்ட்டூன் தொடர் குரூசேடர் ராபிட்; அலெக்ஸ் ஆண்டர்சனும் ஜே வார்டும் உருவாக்கியது; 1950-இலேயே ஒளிபரப்பாகிவிட்டது. அதில் அசைவு இன்னும் குறைவு. ஆயினும் ஒவ்வொரு சிறு பகுதியையும் ஆபத்தின் நடுவில் நிறுத்தி அடுத்ததற்கு இழுக்கும் கதையமைப்பு அதில் இருந்தது.

ஜூன் 13

குரலே உயிர் என்று எழுதிய பிறகு ஒரு எண்ணம் என்னை விடவில்லை. அந்த உயிர் எனக்கு முதலில் கிடைக்கவே இல்லை.

டர்னர் நிறுவனம் 1991-இல் ஹன்னா-பார்பராவை வாங்கி, அந்தக் களஞ்சியத்தை வைத்துக் கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கியது. 1995-இல் அந்த அலைவரிசை இந்தியாவுக்கு வந்தது. அதனால்தான் அமெரிக்காவில் 1960-இல் இரவு நேரத்தில் பெரியவர்களுக்காக ஒளிபரப்பான ஃபிளின்ட்ஸ்டோன்ஸை, முப்பத்தைந்து ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் புத்தம் புதிய நிகழ்ச்சியாகப் பார்த்தோம். கேபிள் இணைப்பு வந்த வீடுகளில் நாங்கள் கூடி உட்கார்ந்திருப்போம். தமிழ் வழியில் படித்த எங்களுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. டாம் அண்ட் ஜெர்ரி வந்தால் அறையே அதிரும். ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் வந்தால் ஐந்து நிமிடத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்விடுவோம். ஃபிரெட்டும் பார்னியும் வேலியோரம் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் பதிவுசெய்யப்பட்ட சிரிப்பொலி வரும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இதை இவ்வகைப் படங்களின் மிகப் பெரிய பலவீனமாக நான் கருதுகிறேன். பலரும் இதைச் சொல்வதில்லை. முழு அனிமேஷன் மொழியைத் தாண்டிப் போகும். வாணலி முகத்தில் பட்டு முகம் வாணலி வடிவம் ஆவதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. உடலிலிருந்து வாய்க்கு நகைச்சுவையை மாற்றியபோது, அந்த வாய் பேசும் மொழிக்குள் படம் அடைபட்டுப் போனது. பின்னாளில் தமிழ்க் குரலில் கார்ட்டூன்கள் வரத் தொடங்கியதும் அதே கட்டை உடல்கள் எங்கள் தம்பி தங்கைகளுக்கு உயிரோடு பேசின. ஆகவே டப்பிங் கலைஞர் இங்கே வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். படத்தின் பாதியைப் புதிதாகச் செய்பவர்.

எனினும் யோகி எங்களை முழுக்கக் கைவிடவில்லை. மொழி புரியாமலேயே அவனுடைய குரலின் இழுப்பும் கூடையைத் திருடிக்கொண்டு நழுவும் நடையும் பிடித்திருந்தன. கூடை, காவலர், ஓட்டம் என்று கதை கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் இருந்தது. ஃபிளின்ட்ஸ்டோன்ஸின் கதையோ கணவன் மனைவி பேச்சில் இருந்தது. ஒரே நிறுவனத்தின் படங்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு.

ஜூன் 20

சண்டை, சாகசக் கதைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கடுமையான கருத்து உண்டு.

1959-இல் கேம்ப்ரியா நிறுவனம் எடுத்த கிளட்ச் கார்கோ இந்த வரலாற்றின் கடைக்கோடி. அதில் அனிமேஷன் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. வரைந்த முகத்தின் மீது உண்மையான மனித உதடுகளைப் படம்பிடித்துப் பொருத்தினார்கள். சின்க்ரோ-வாக்ஸ் என்பது அந்த முறையின் பெயர். எட்வின் ஜில்லெட் என்பவர் கண்டுபிடித்தது. விமானி கிளட்ச் அசையாமல் நிற்பார், கண் அசையாது, கன்னம் அசையாது, நடுவில் ஈரமான சதை உதடுகள் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். உதட்டின் ஓரத்தில் தோலின் நிறம் ஓவியத்தின் நிறத்தோடு சேராமல் ஒரு விளிம்பு தெரியும். நடப்பதைக் காட்ட வேண்டுமென்றால் இடுப்புக்கு மேல் மட்டும் காட்டி உருவத்தை மேலும் கீழும் ஆட்டினார்கள். விபத்து என்றால் கேமராவைக் குலுக்கினார்கள்.

சிக்கல் அசைவு குறைந்ததில் இல்லை. யோகியிலும் அசைவு குறைவுதான். ஆனால் யோகியின் கதை அசைவைக் கேட்கவில்லை. கூடைத் திருட்டுத் திட்டத்தை விவரிக்க நின்று பேசினால் போதும். கிளட்ச் கார்கோ விமான விபத்தையும் துரத்தலையும் கதையாக வைத்துக்கொண்டு அவற்றைக் காட்டக் காசில்லாமல் நின்றது. பணம் எதற்குப் போதுமோ அதைக் கதையாக்குவது ஒரு வழி; போதாததைக் கதையாக்கிவிட்டு மூடிமறைப்பது மற்றொன்று.

1967-இன் ஸ்பைடர்மேன் தொடரையும் இங்கேயே சொல்லிவிடலாம். காமிக்ஸில் உடை முழுவதும் ஓடும் வலைக்கோடுகள் இத்தொடரில் முகமூடி, கையுறை, காலணி ஆகியவற்றில் மட்டுமே உண்டு. உடம்பிலும் வரைந்தால் ஒவ்வொரு ஓவியத்துக்கும் நேரம் இரட்டிப்பாகும். ஊஞ்சலாடிப் போகும் அதே சில துண்டுகள் தொடர் முழுதும் திரும்பத் திரும்ப வந்தன. அவன் பிடித்துத் தொங்கும் வலை எந்தக் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், மேலே வெறும் வானம்.

ஜூன் 21

நேற்று ஸ்பைடர்மேனை ஒரே வரிசையில் வைத்துத் தள்ளியது நியாயமாகாது. முதல் பருவத்தை எடுத்த கிரான்ட்ரே-லாரன்ஸ் நிறுவனம் திவாலாகிப்போக, அடுத்த பருவங்களை ரால்ஃப் பாக்ஷி ஏற்றார். பணம் இன்னும் குறைந்தது. முன்பு எடுத்த ராக்கெட் ராபின் ஹூட் தொடரின் ஓர் அத்தியாயத்தை எடுத்து, அதன் பின்னணியையும் அசைவுகளையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, நாயகனை மட்டும் மாற்றி ஸ்பைடர்மேன் அத்தியாயமாக்கும் அளவுக்கு நிலைமை போனது. இதை மன்னிக்க மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பிற்காலப் பகுதிகளின் வானத்தைப் பாருங்கள். நஞ்சுப் பச்சை, ஊதா, கருஞ்சிவப்பு என்று கரைந்து கிடக்கும் நீர்வண்ண வானத்தின் முன் அவன் தனியாக ஊஞ்சலாடுகிறான். ஆயத்த இசை நூலகத்திலிருந்து எடுத்த ஜாஸ் இசை ஓடுகிறது. நெடுநேரம் யாரும் பேசுவதில்லை. கதையை நிரப்ப ஓவியம் இல்லாததால் நீட்டிய நேரம் அது. அந்த நீட்டலிலிருந்தே வேறெந்தச் சாகசக் கார்ட்டூனிலும் இல்லாத ஒரு தனிமை பிறக்கிறது. இந்தப் பகுதிகளை நான் உள்ளன்போடு நேசிக்கிறேன். சிறுவயதில் இவற்றைப் பார்த்ததே இல்லை, பெரியவனான பின்பே பார்த்தேன் என்பதால் இதைப் பழக்கத்தின் கணக்கில் சேர்க்க முடியாது.

ஜூலை 4

அசைவைக் குறைப்பது பணமின்மையால் மட்டுமே பிறந்தது என்ற கருத்து இந்த இழையில் ஊன்றிவிட்டது. அது சரியல்ல. ஹன்னா-பார்பராவுக்குப் பல ஆண்டு முன்பே யு.பி.ஏ. என்ற அமெரிக்க ஸ்டூடியோ அதைக் கலைக்கொள்கையாகவே கைக்கொண்டது. 1941-இல் டிஸ்னியில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பின் வெளியேறிய கலைஞர்கள் பலர் அங்கே திரண்டார்கள். இயற்கையைப் போலவே அசைய வேண்டும் என்ற டிஸ்னி இலக்கணத்தை அவர்கள் ஏற்கவில்லை. நவீன ஓவியமும் சுவரொட்டிக் கலையும் தட்டையாக இருக்கும்போது கார்ட்டூன் ஏன் உருண்டையாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஜெரால்ட் மெக்பாயிங்-பாயிங் என்ற அவர்களுடைய படம் 1950-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. சொற்களுக்குப் பதில் ஓசைகளை மட்டுமே எழுப்பும் ஒரு சிறுவனின் கதை அது. அறைக்குச் சுவர் இல்லை. ஒரு நாற்காலியும் ஒரு நிறமும் இருந்தால் அது அறை. சிறுவனின் மனநிலை மாறும்போது பின்னணியின் நிறம் மாறுகிறது. இயக்குநர் ராபர்ட் கேனன் எங்கே அசைவு வேண்டும், எங்கே வேண்டாம் என்று ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுத்திருக்கிறார். அந்த இலக்கணத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டபோது அதில் பணச் சேமிப்பு மட்டுமே பலரின் கண்ணில் பட்டது.

சண்டைக் கதைக்கு அசைவில்லாப் படம் ஒத்துவராது என்ற என் ஜூன் 20 கருத்துக்கும் ஜப்பானிலிருந்து ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் 1963 ஜனவரி 1 அன்று ஃபூஜி தொலைக்காட்சியில் தொடங்கி, 1966 இறுதி வரை 193 அத்தியாயங்கள் ஓடியது. வாரம் தவறாமல் அரை மணி நேரம். ஓர் ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினார்கள். பறப்பது, வெடிப்பது, முகத்தை நெருங்கிக் காட்டுவது ஆகியவற்றுக்கான செல்களைக் களஞ்சியமாகச் சேர்த்து வைத்து மீண்டும் மீண்டும் எடுத்தார்கள். தெசுகா அடிப்படையில் மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளின் ஓவியர். அசையாத கட்டங்களில் வேகத்தைக் காட்டுவது எப்படி என்று அவருக்குத் தெரியும். நின்ற படத்தின் மீது கேமராவை ஓட்டுவது, சட்டென்று கண்ணுக்கு வெட்டுவது, வேகக்கோடுகள், திடீர் மௌனம். அவருடைய முஷி ஸ்டூடியோவில் வளர்ந்த ஒசாமு தெசாகி 1970-இல் இயக்கிய குத்துச்சண்டைத் தொடரில் இந்த முறை இன்னும் கூர்மையடைந்தது. அடி விழும் கணத்தில் படம் உறையும். உறைந்த படம் தீட்டிய ஓவியமாக மாறும். அடியின் வலி அந்த உறைவில் இருக்கிறது. அங்கே அசைவு இருந்திருந்தால் அது கடந்து போயிருக்கும்.

ஆகவே என் கருத்தை இப்படி இறுக்கிக்கொள்கிறேன்: சண்டைக் கதையால் கிளட்ச் கார்கோ தோற்கவில்லை. நின்ற படத்தை எங்கிருந்து, எவ்வளவு நேரம் காட்டுவது என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை.

ஜூலை 5

ஆஸ்ட்ரோ பாயைப் புகழ்ந்துவிட்டு அதன் விலையைச் சொல்லாமல் விடுவது தவறு.

தெசுகா அத்தொடரை உண்மைச் செலவுக்கும் குறைவான விலைக்கு விற்றார். பொம்மை, சாக்லேட் உரிமங்களில் ஈடுகட்டலாம் என்று நம்பினார். அந்த விலை மற்ற ஸ்டூடியோக்களுக்கும் அளவுகோலாகிப்போனது. 1989-இல் தெசுகா மறைந்த சில மாதங்களில் அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி இதையே வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அனிமேஷன் துறையின் வறுமைக்கு அந்தத் தாழ்ந்த விலையே வித்திட்டது என்பது அவர் வாதம். தெசுகா ஒருவர் மீதே முழுப் பழியையும் போடலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தொலைக்காட்சி நிலையங்களும் விளம்பரதாரர்களும் ஆண்டாண்டாக அந்த விலையிலேயே வாங்கிக்கொண்டிருந்தார்கள். முஷி ஸ்டூடியோவே 1973-இல் திவாலானது.

இதை நான் தள்ளி நின்று எழுத முடியாது. படிப்பு முடிந்ததும் சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் இன்பிட்வீனராக, அதாவது முதன்மை ஓவியங்களுக்கு இடைப்பட்டவற்றை வரைபவனாக, வேலை பார்த்தேன். வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இங்கே வரைந்து அனுப்புவோம். லைட் பாக்ஸின் கண்ணாடிக்குக் கீழிருந்து வரும் வெளிச்சத்தில், தாள்களை நகராமல் பிடிக்கும் பெக் பாரில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாட்டி, நடுவில் வர வேண்டியதை வரைவோம். கூலி ஓவியக் கணக்கில். முதன்மை அனிமேட்டர், ஃபிரேம் வாரியாகக் குறிப்பு எழுதும் எக்ஸ்போஷர் ஷீட்டில் “பிடித்து வை” என்று குறித்திருந்தால் அங்கே எங்களுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. திருத்தச் சொல்லித் திரும்பி வரும் ரீடேக்குக்குக் காசே கிடையாது. ஓர் அத்தியாயத்தில் கதாநாயகன் நின்றபடி பேசினால் எங்கள் மேசை வரிசையில் அந்த மாதம் எல்லோருக்கும் கை கடிக்கும்.

எனவே “குறைந்த செலவு” என்று படிக்கும்போதெல்லாம் யாருக்குக் குறைந்தது என்ற கேள்வி எனக்கு எழுகிறது. 1957-இல் ஹன்னா-பார்பரா தொடங்கியது வேலை இழந்த கலைஞர்கள் பலருக்கு வேலை தந்தது. இது அதன் நல்ல பக்கம். பின்னாளில் அதே முறை கடல் கடந்தது. வேலை வெளிநாடுகளுக்குப் போவதை எதிர்த்து லாஸ் ஏஞ்சலஸ் அனிமேஷன் தொழிலாளர்கள் 1982-இல் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அவர்கள் இழந்த வேலை வெவ்வேறு ஆசிய நகரங்களைச் சுற்றி ஒருநாள் எங்கள் மேசைக்கும் வந்தது. அவர்கள் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. எங்களைவிட அவர்கள் தங்கள் உழைப்பின் விலையை நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஜூலை 18

வெளிநாட்டுக்கு வேலையை அனுப்புவது 1980-களில் தொடங்கியதல்ல. 1959 நவம்பரில் தொடங்கிய ராக்கி அண்ட் ஹிஸ் ஃபிரண்ட்ஸ் தொடரின் அனிமேஷன் பெரும்பகுதி மெக்சிகோ நகரத்தில் நடந்தது. அனுபவம் குறைந்த குழு, அவசரம், சரிபார்க்க நேரமில்லை. காட்சிக்குக் காட்சி உடையின் நிறம் மாறும். உளவாளி போரிஸின் மீசை காணாமல் போய்த் திரும்ப வரும். அப்படியிருந்தும் அக்காலக் கார்ட்டூன்களுள் கூர்மையான அங்கதம் என்று இதைத்தான் சொல்வேன். பில் ஸ்காட் கதைப்பிரிவை வழிநடத்தியதோடு புல்விங்கிள் என்ற கடமானுக்குக் குரலும் கொடுத்தார். அணில் ராக்கிக்கும் உளவாளி நடாஷாவுக்கும் ஒரே ஜூன் ஃபோரே. பனிப்போர்க் காலத்தில், அணுகுண்டு அச்சம் உச்சத்தில் இருந்தபோது, இரு தரப்பு அரசாங்கங்களையும் ராணுவத்தையும் அது விட்டுவைக்கவில்லை.

ஆனால் ஜூன் 13-இல் சொன்ன பலவீனம் இதற்கே எல்லாவற்றையும்விட அதிகம். ஆங்கிலச் சொல் விளையாட்டே இதன் உடம்பு. நான் அறிந்தவரை என் வயதுடைய தமிழ்ப் பார்வையாளர்களிடம் இந்தத் தொடருக்கு இடமே இல்லாமல் போனது. வருத்தமான இழப்பு.

ஆகஸ்ட் 1

டாம் அண்ட் ஜெர்ரியின் “விசித்திரமான” படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எதிரொலி ஓசை, வெறிச்சோடிய பின்னணி, எந்த நேரமும் சினத்தில் வெடிக்கும் பருத்த உரிமையாளர். 1961, 62-இல் வெளிவந்த அந்தப் பதின்மூன்று படங்களை ஜீன் டைட்ச், செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் இயக்கினார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது ஏறத்தாழ 10,000 டாலர். பனிப்போர்க் காலம் என்பதால் செக் கலைஞர்களின் பெயர்களை ஆங்கிலப் பெயர்போல மாற்றியே திரையில் போட்டார்கள். இசையமைத்தவர் ஷ்டெபான் கொனிச்செக், திரையில் ஸ்டீவன் கொனிச்செக் ஆனார். அவர்களுக்கு முன்பு டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்துப் பழக்கமே இல்லை.

நம் விவாதத்துக்கு இதில் அரிய சோதனை ஒன்று கிடைக்கிறது. இதே டைட்ச், இதே பிராகில், இதற்குச் சற்று முன் 1960-இல் மன்ரோ என்ற குறும்படத்தை எடுத்தார். நான்கு வயதுச் சிறுவனைத் தவறுதலாக ராணுவத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நான் சிறுவன் என்று அவன் சொல்லச் சொல்ல யாரும் கேட்பதில்லை. ஜூல்ஸ் ஃபைஃபரின் கதை. ஒல்லியான கோடு, ஏறக்குறைய வெற்றுப் பின்னணி, சிக்கனமான அசைவு. அது ஆஸ்கார் விருது பெற்றது.

ஆள் மாறவில்லை, ஊர் மாறவில்லை. மன்ரோவில் பெரிய அதிகாரிகளின் நடுவே அந்தச் சின்ன உருவம் அசையாமல் நிற்பதே கதை. வெற்றுப் பின்னணி அவனுடைய திக்கற்ற நிலையைக் காட்டுகிறது. டாமுக்கும் ஜெர்ரிக்கும் உடலின் நெகிழ்வே உயிர். அடி விழுந்தால் உடல் நசுங்கி, நீண்டு, அதிர்ந்து, மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புதலுக்குத்தான் எம்.ஜி.எம். பணத்தைக் கொட்டியது. பிராக் படங்களில் அடி விழுகிறது, அடுத்த ஓவியத்தில் டாம் எழுந்து நிற்கிறான். நசுங்கும் நேரம் இல்லாததால் அது வேடிக்கையாக இல்லாமல் உண்மையிலேயே வலிக்கும் அடியாகத் தெரிகிறது. சிறுவயதில் அந்தப் படங்கள் வந்தால் நாங்கள் சற்று அஞ்சினோம் என்பதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மன்ரோவில் சிறுவன் முதன்முதலாக அழும் இடத்தையும், பிராக் படம் எதிலாவது உரிமையாளர் டாமைத் தண்டிக்கும் இடத்தையும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். யோகியைப் பற்றி மறுபடி பேசுவதாக இருந்தால் அதற்குப் பிறகு பேசலாம்.